ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தேடவும் கவனமாக வாசிக்கவும்: ஒரு முழுமையான வழிகாட்டி

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, அந்தப் பகுதிக்கு அது புதிய நோய் என்றே பலரும் நினைத்தார்கள். கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய மூன்று நாடுகளிலும் 11,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2015 ஏப்ரலில், லைபீரியாவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த பெர்னிஸ் டானும் அவருடைய சகாக்கள் இருவரும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். லைபீரியர்களின் ரத்த மாதிரிகளில் எபோலாவுக்கான எதிர்ப்பான்கள் இருப்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1982-லேயே ஓர் ஆய்விதழில் எழுதியிருந்தார்கள் என்பதை அதில் சுட்டிக்காட்டினார்கள். லைபீரியாவையும் எபோலா நிலவும் பகுதியாகக் கருத வேண்டும் என்று அந்த ஆய்வு எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை லைபீரிய மருத்துவர்களின் கைக்கு வரவில்லை. அத்தகைய கட்டுரை ஒன்றைப் பதிவிறக்க 45 டாலர் ஆகும், அது அந்நாட்டு மருத்துவர் ஒருவரின் அரை வாரச் சம்பளம் என்று அவர்கள் எழுதினார்கள்.

ரத்தம் லைபீரியர்களுடையது. எச்சரிக்கையும் அவர்களுக்கானது. கட்டுரை மட்டும் அவர்களுக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

இந்த அநியாயத்தைச் சரிசெய்ய எழுந்த முயற்சிதான் திறந்த அணுகல். மக்கள் பணத்தில் நடந்த ஆய்வை மக்கள் காசு கொடுக்காமல் படிக்க முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. இன்று கோடிக்கணக்கான கட்டுரைகள் அப்படித் திறந்து கிடக்கின்றன. பட்டமோ பல்கலைக்கழக அடையாள அட்டையோ இல்லாத ஒருவர் கைபேசியிலேயே அவற்றைப் படிக்கலாம். ஆனால் ஒரு கட்டுரை திறந்திருக்கிறது என்பதற்காக அது சொல்வது சரி என்று ஆகிவிடாது. மருத்துவம், இயற்பியல், சூழலியல், சமூக அறிவியல் என ஒவ்வொரு துறைக்கும் தேடும் வழி வேறு, ஏமாறும் இடமும் வேறு. இந்த வழிகாட்டி இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

முதல் படி: திறந்திருப்பதன் வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கைதான் ‘திறந்த அணுகல்’ என்ற சொல்லுக்கு முதல் தெளிவான வரையறையைத் தந்தது. படிப்பது மட்டுமின்றி பதிவிறக்கவும், பகிரவும், மறுபடி பயன்படுத்தவும் தடை இருக்கக் கூடாது என்றது அது. நடைமுறையில் மூன்று வகைகள் அதிகம் பேசப்படுகின்றன.

ஆய்விதழே கட்டுரையைத் திறந்து வைத்தால் அது ‘கோல்டு’. இதில் பெரும்பாலும் வாசகருக்குப் பதிலாக, எழுதியவர் கட்டணம் செலுத்துகிறார். நேச்சர் இதழ் 2020-இல் இதற்கு அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. இதழில் வெளியானதன் இன்னொரு வடிவத்தை ஆய்வாளரே ஒரு பொதுக் களஞ்சியத்தில் போட்டு வைத்தால் அது ‘கிரீன்’. எழுதுபவரும் கட்ட வேண்டாம், படிப்பவரும் கட்ட வேண்டாம் என்று நடக்கும் இதழ்கள் ‘டயமண்ட்’.

கோல்டு முறை வாசகரின் சுமையை ஏழை நாட்டு ஆய்வாளரின் தலைக்கு மாற்றிவிட்டது என்பது என் கருத்து. கோயம்புத்தூரில் ஜூ அவுட்ரீச் அமைப்பு நடத்தும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்டு டாக்ஸா’ 2009 முதல் இருதரப்பிலும் கட்டணம் இல்லாமல் வெளிவருகிறது. அழியும் நிலையில் உள்ள உயிரினங்கள் பற்றிய இதழ் அது. பெரிய பதிப்பகங்கள் முடியாது என்று சொல்வதை நம் ஊரில் ஒரு சிறிய அமைப்பு செய்துகாட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் படி: செய்தியிலிருந்து கட்டுரைக்குப் போங்கள்

தொடக்கநிலை வாசகருக்கு நல்ல ஆரம்பம் ஒரு நாளிதழ்ச் செய்தி. ‘புதிய ஆய்வில் தகவல்’ என்று வரும் செய்தியில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இதழின் பெயர், ஆய்வு நடந்த இடம், ஆய்வாளர் ஒருவரின் பெயர். இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் கூகுள் ஸ்காலரில் இட்டால் பெரும்பாலும் கட்டுரை கிடைத்துவிடும். மூன்றில் ஒன்றுகூடச் செய்தியில் இல்லையென்றால் அந்தச் செய்தியையே சந்தேகியுங்கள்.

கட்டுரையின் முதல் பக்கத்தில் 10 என்று தொடங்கி, நடுவே சாய்கோடு வரும் ஒரு நீண்ட எண் இருக்கும். அதுதான் டிஓஐ. தளங்களின் முகவரிகள் மாறும், இந்த எண் மாறாது. எதைச் சேமித்தாலும் இந்த எண்ணோடு சேர்த்துச் சேமியுங்கள்.

மூன்றாம் படி: மருத்துவம்

மருத்துவத்துக்கு இரண்டு தளங்கள் போதும். பப்மெட் என்பது கட்டுரைகளின் அட்டவணை. பப்மெட் சென்ட்ரல் என்பது முழுக் கட்டுரைகளின் களஞ்சியம். இரண்டையும் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிறது. பப்மெட்டில் தேடும்போது பக்கவாட்டில் ‘ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்’ என்ற வடிகட்டி இருக்கும். அதை அழுத்தினால் முழுமையாகப் படிக்கக் கிடைப்பவை மட்டும் நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். காசநோய், ஊட்டச்சத்து, குடும்பத்தினர் என்ற மூன்று சொற்களுக்கும் ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடினால், ‘ரேஷன்ஸ்’ என்று பெயரிடப்பட்ட ஆய்வு கிடைக்கும். ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்து, 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் திறந்த அணுகலில் வெளியானது. காசநோயாளிகள் 2,800 பேரின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர் இதில் இருந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப்பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தினருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் தரப்பட்டன. அந்தப் பிரிவில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது என்பது செய்திகளில் வந்த முடிவு.

இப்போது அட்டவணைக்குப் போங்கள். உணவு பெறாத பிரிவில் 4,724 பேரில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. பெற்ற பிரிவில் 5,621 பேரில் 96 பேருக்கு. ஆயிரம் பேருக்கு என்று கணக்கிட்டால் முன்னதில் ஏறக்குறைய 26, பின்னதில் 17. ஆயிரம் பேரில் 9 பேர் தப்பித்திருக்கிறார்கள். 39 விழுக்காடு என்பது, மற்ற வேறுபாடுகளையும் கணக்கில் கொண்டு சரிசெய்த ஒப்பீட்டு எண். இரண்டுமே உண்மை. ஆனால் ஒப்பீட்டு எண்ணை மட்டும் கேட்டவருக்கு விளைவின் அளவு தெரியாது, ஆயிரத்தில் 9 என்பதை மட்டும் கேட்டவருக்கு அதன் வலிமை தெரியாது. மருத்துவக் கட்டுரையில் எந்த விழுக்காட்டைப் பார்த்தாலும், ‘எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?’ என்ற கேள்வியோடு அட்டவணையைத் தேடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பாதி விளம்பரங்கள் உங்களிடம் பலிக்காது.

அந்த 39 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இன்னும் சில எண்கள் இருக்கும். நோய்வீத விகிதம் 0.61 என்று எழுதி, கூடவே 0.43 முதல் 0.85 வரை என்று போட்டிருப்பார்கள். உண்மையான விளைவு இந்த எல்லைக்குள் எங்கோ இருக்கலாம் என்று பொருள். குறைவு 57 விழுக்காடாகவும் இருக்கலாம், 15 விழுக்காடாகவும் இருக்கலாம். எல்லையின் இரண்டு முனைகளும் 1-க்குக் கீழே இருப்பதால் பலன் இருக்கிறது என்று நம்ப முடிகிறது. ஏதாவது ஒரு முனை 1-ஐத் தாண்டினால் நிதானியுங்கள்.

இதோடு இன்னொரு பழைய கட்டுரையையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ‘புல்லட்டின்’ இதழில் வெளியான, ‘மெட்ராஸ் ஸ்டடி’ என்று உலகெங்கும் அறியப்பட்ட ஆய்வு அது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில், மறு பாதி தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே ஓராண்டு மருந்து எடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இரண்டும் இல்லை. ஆனாலும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டு, நோயாளிகள் குடும்பத்தோடு இருந்தே மருந்து சாப்பிடும் காலம் வந்ததில் இந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. அது இன்று பப்மெட் சென்ட்ரலில் யாரும் படிக்கக் கிடைக்கிறது.

ஒரு கட்டுரை, மருந்து சரியாக இருந்தால் எளிய உணவோடும் நோய் குணமாகும் என்கிறது. அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த இன்னொன்று, வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வராமல் காக்க உணவு உதவும் என்கிறது. முரண் போலத் தோன்றும் இந்த இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். இதைக் கட்டுரைகளைத் திறந்து பார்த்தால் மட்டுமே புரிந்துகொள்ள முடியும், தலைப்புச் செய்திகளில் புரியாது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் அதே மையத்தின் ஆய்வாளர்கள் 2023 ஆய்விலும் பங்கேற்றிருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. மெட்ஆர்க்கைவ் என்ற தளம் 2019-இல் தொடங்கியது. அங்கே இருப்பவை முன்பதிப்புகள், அதாவது சக அறிஞர்கள் இன்னும் சரிபார்க்காத கட்டுரைகள். அவற்றைப் படித்து மருந்தை மாற்றாதீர்கள். எந்தக் கட்டுரையைப் படித்தும் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

நான்காம் படி: இயற்பியல்

கட்டுரைகளைத் திறந்து வைப்பதில் இயற்பியலாளர்கள் மற்றவர்களுக்கு முன்னோடிகள். 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய ஆர்க்கைவ் என்ற களஞ்சியம், பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அங்கே உள்ளன. இணைய வேகம் குறைவாக இருந்த நாட்களில் இந்திய வாசகர்களுக்காக அதன் நகல் தளத்தைச் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் நடத்தியது.

ஆர்க்கைவில் உள்ள கட்டுரையின் எண்ணே அதன் பிறந்த தேதியைச் சொல்லிவிடும். 1109.4897 என்றால் 2011-ஆம் ஆண்டு ஒன்பதாம் மாதம். இந்த எண்ணுக்குரிய கட்டுரையைத்தான் முதல் பயிற்சியாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியின் கிரான் சாஸ்ஸோவுக்குச் சென்ற நியூட்ரினோ துகள்கள், ஒளியைவிட ஏறக்குறைய 60 நானோ நொடி முந்தி வந்ததாக ஓபரா குழு அதில் அறிவித்தது. ஐன்ஸ்டைன் தோற்றார் என்று உலகமே பரபரத்தது. சரியாகப் பொருத்தப்படாத ஒரு கண்ணாடியிழைக் கேபிள் அந்தக் கணக்கைக் கெடுத்திருந்தது என்பது 2012-இல் தெரியவந்தது.

கட்டுரையின் பக்கத்தில் கீழே ‘சப்மிஷன் ஹிஸ்டரி’ என்ற பகுதி இருக்கும். முதல் வடிவம், அடுத்தடுத்த திருத்தங்கள், தவறைச் சரிசெய்த கடைசி வடிவம் எல்லாம் ஒரே எண்ணின் கீழ் வரிசையாக நிற்கும். முதல் வடிவத்தின் சுருக்கத்தையும் கடைசி வடிவத்தின் சுருக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். தங்கள் முடிவை உலகத்தின் முன் வைத்து, குறை தேடச் சொல்லி, குறை தெரிந்ததும் அதே இடத்தில் திருத்திய அந்தக் குழுவின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இயற்பியல் கட்டுரைகளில் சமன்பாடுகளைக் கண்டு பின்வாங்க வேண்டாம். முன்னுரையும் படங்களும் முடிவுரையும் மட்டும் படித்தாலே போதும். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த லைகோ கட்டுரை 2016 பிப்ரவரி 11 அன்று ‘ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் திறந்த அணுகலில் வெளியானது. அதன் முதல் படத்தில் அமெரிக்காவின் இருவேறு இடங்களில் பதிவான ஒரே அலை பக்கத்தில் பக்கத்தில் வரையப்பட்டிருக்கிறது. அந்தப் படம் ஒன்றே கதையில் பாதியைச் சொல்லிவிடும்.

துகள் இயற்பியலில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. செர்ன் முன்னின்று 2014-இல் தொடங்கிய ஸ்கோப்3 திட்டத்தில், நூலகங்கள் சந்தாவுக்குச் செலவிட்ட பணத்தை ஒன்றுதிரட்டி முக்கிய இதழ்களைத் திறக்கவைத்தார்கள். தனி ஆய்வாளர் எவரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: சூழலியல்

சூழலியலில் கட்டுரை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் தரவு. கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிபிஃப் என்ற உலகத் தரவுத் தளத்தில், எந்த உயிரினம் எங்கே எப்போது காணப்பட்டது என்ற பதிவுகள் நூற்றுக்கணக்கான கோடிக் கணக்கில் குவிந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவை பார்ப்பவர்கள் ஈபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் இடும் பட்டியல்களும் அங்கே போய்ச் சேர்கின்றன. உங்கள் ஊர் ஏரியில் நீங்கள் பார்த்த நத்தைகுத்தி நாரை ஓர் ஆய்வாளரின் வரைபடத்தில் ஒரு புள்ளியாகலாம். கடல் சார்ந்த தேடலுக்கு, 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மின்களஞ்சியம் மிகச் சிறந்தது. மன்னார் வளைகுடா பற்றிய பல பத்தாண்டுக் கட்டுரைகள் அதில் உள்ளன.

சூழலியலில் வாசகர் சறுக்கும் இடம், ஓரிடத்து முடிவை உலகம் முழுவதற்கும் நீட்டிவிடுவது. 2017 அக்டோபரில் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஜெர்மானியப் பூச்சி ஆய்வைப் பாருங்கள். 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில், 27 ஆண்டுகளில், பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்தது என்றது அது. ‘உலகின் பூச்சிகள் அழிகின்றன’ என்று செய்திகள் வந்தன.

கட்டுரையின் செய்முறைப் பகுதி சொல்வது வேறு. அளக்கப்பட்டது எடை, இனங்களின் எண்ணிக்கை அல்ல. பறக்கும் பூச்சிகள் மட்டும், அதுவும் கூடாரம் போன்ற பொறியில் விழுந்தவை. இடம் ஜெர்மனி. பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே ஒரு ஆண்டுதான் அளவு எடுக்கப்பட்டிருக்கிறது, பல இடங்களின் அளவுகளைச் சேர்த்துத்தான் 27 ஆண்டுப் போக்கைக் கணித்திருக்கிறார்கள். இவற்றால் ஆய்வு பொய்யாகிவிடவில்லை. கிரேஃபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர் சங்கத்தினர் பல ஆண்டுகள் பொறுமையாகச் சேர்த்த மாதிரிகள் இல்லையென்றால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஆனால் நம் ஊர்த் தட்டானுக்கு என்ன ஆயிற்று என்பதை இந்தக் கட்டுரையிலிருந்து சொல்ல முடியாது.

ஆகவே சூழலியல் கட்டுரை படிக்கும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த இடம், எந்த மாதம், எத்தனை ஆண்டு, எதைக் கொண்டு எண்ணினார்கள். ஜிபிஃப் தரவுக்கும் இதே சோதனை பொருந்தும். சாலையோரமும் நகரமும் அதிகம் பதிவாகும், மனிதர் போகாத காடு வெறுமையாகத் தெரியும். பதிவு இல்லாத இடத்தில் உயிரினம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆறாம் படி: சமூக அறிவியல்

இங்கே கட்டுரைகள் இதழில் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ‘ஒர்க்கிங் பேப்பர்’ வடிவில் உலவத் தொடங்கிவிடும். பொருளாதாரத்துக்கு ரெப்பெக், மற்றவற்றுக்கு எஸ்எஸ்ஆர்என், சோஷ்ஆர்க்கைவ் ஆகிய தளங்களில் தேடுங்கள். எஸ்எஸ்ஆர்என் 2016 முதல் எல்செவியர் நிறுவனத்தின் சொத்து, அங்கே கணக்குத் தொடங்கச் சொல்லிக் கேட்கலாம். திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையமும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் தங்கள் ஆய்வறிக்கைகளை இலவசமாகத் தருகின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குக் காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்கா. தமிழகப் பல்கலைக்கழகங்களின் தமிழ் ஆய்வேடுகளும் அங்கே ஏராளம். இலங்கைத் தமிழ்ச் சமூகத்தைப் பற்றிய பழைய இதழ்களும் சிறு வெளியீடுகளும் வேண்டுமென்றால் 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்கு இணையான இடம் வேறில்லை.

சமூக அறிவியலில் தரவையும் கணக்கீட்டையும் திறந்து வைப்பது ஏன் அவசியம் என்பதற்கு ஒரு மாணவரின் கதை போதும். 2010-இல் பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும், நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடுகிறது என்று எழுதினார்கள். அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்ட ஐரோப்பிய, அமெரிக்க அரசியல்வாதிகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் படித்த தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. கட்டுரை ஆசிரியர்களிடமே கேட்டு அவர்களின் எக்செல் கோப்பைப் பெற்றார். சராசரி எடுத்த சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சில ஆண்டுகளின் தரவும் சேர்க்கப்படவில்லை. எல்லாவற்றையும் சரிசெய்தபோது, அதிகக் கடன் உள்ள நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காட்டிலிருந்து 2.2 விழுக்காடாக மாறியது. எக்செல் பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடன் கூடினால் வளர்ச்சி குறைகிறது என்ற பொதுக்கருத்தில் மட்டும் உறுதியாக நின்றார்கள். ஹெர்ன்டன் குழுவின் 2013 ஆய்வறிக்கையை இன்றும் யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

ஆகவே கட்டுரையின் கடைசியில் தரவு எங்கே கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். கணக்கெடுப்பு சார்ந்த ஆய்வென்றால் கேள்வித்தாளையும் தேடுங்கள். கேள்வி எந்தச் சொற்களில் கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்பட்டது என்பது தெரியாமல் பதிலின் விழுக்காட்டுக்குப் பொருள் இல்லை.

ஏழாம் படி: பூட்டிய கட்டுரையைத் திறக்கும் நேர்வழிகள்

தேடிய கட்டுரை 30, 40 டாலர் கேட்கிறதா? உடனே கைவிட வேண்டாம்.

உலாவியில் ‘அன்பேவால்’ என்ற இலவச நீட்சியை நிறுவுங்கள். சட்டப்படி இலவசமாக உள்ள நகல் எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் திறந்த பச்சை நிறப் பூட்டு தெரியும். கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்பதை அழுத்தினால் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் உள்ள வடிவம் கிடைக்கலாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் நடந்த ஆய்வுகள், அந்நிறுவனத்தின் 2025 ஜூலை 1 முதலான விதிப்படி, இதழில் வெளியாகும் நாளிலேயே பப்மெட் சென்ட்ரலிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

எதுவும் பலிக்கவில்லையென்றால் ஆய்வாளருக்கே எழுதுங்கள். கட்டுரையின் முதல் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி இருக்கும். நீங்கள் யார், கட்டுரையின் தலைப்பு என்ன, எதற்காகத் தேவை என்று நான்கு வரி போதும். தன் கட்டுரையின் பிடிஎஃப்பை அனுப்பி வைப்பதில் பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு மகிழ்ச்சிதான். வாசகர் கட்டும் 40 டாலரில் அவர்களுக்குப் பங்கு ஏதும் இல்லை.

நீங்கள் அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படிப்பவரென்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை நூலகரிடம் கேளுங்கள். மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டிருக்கின்றன. மாணவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் ஓய்வு பெற்ற ஆசிரியரும், கிராமத்து மருத்துவரும், தன் நிலத்தின் நோயைப் பற்றித் தேடும் விவசாயியும் இதற்கு வெளியேதான் நிற்கிறார்கள். இவ்வளவு பணத்தைச் சந்தாவில் போடும் அரசு, இந்திய ஆய்வுகள் அனைத்தையும் களஞ்சியங்களில் போடவைக்கும் வேலைக்கும் அதே முனைப்பைக் காட்ட வேண்டும். அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே அப்படி ஒரு கொள்கையை அறிவித்தன. சென்னையிலிருந்து சுப்பையா அருணாச்சலம் போன்றவர்கள் பல ஆண்டுகளாக இதையே வலியுறுத்தி வந்திருக்கிறார்கள்.

எட்டாம் படி: போலியையும் திரும்பப் பெற்றதையும் கண்டுபிடியுங்கள்

எழுதுபவர் காசு கட்டும் முறை வந்ததும், காசு மட்டும் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் முளைத்தன. 2013-இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் இதழாளர், வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த ஒரு கற்பனைக் கட்டுரையை 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஓர் இதழின் மீது ஐயம் வந்தால் திறந்த அணுகல் இதழ்களின் பட்டியலான டிஓஏஜேயில் அதன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003-இல் தொடங்கிய அந்தப் பட்டியலில் இப்போது 20,000-க்கும் மேற்பட்ட இதழ்கள் உள்ளன. ஆனால் பொஹானன் சோதித்த இதழ்களில் பல அன்றைய டிஓஏஜே பட்டியலில் இருந்தவைதான். அதன்பிறகு அவர்கள் விதிகளை இறுக்கி, எல்லா இதழ்களையும் மீண்டும் விண்ணப்பிக்கச் செய்தார்கள். எனவே பட்டியலோடு நிறுத்தாமல், ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் அந்தத் துறையில் உண்மையிலேயே இருப்பவர்களா என்றும் தேடிப் பாருங்கள்.

பெரிய பெயரும் காப்பு ஆகாது. கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுப்பது ஆபத்து என்று 96,032 நோயாளிகளின் தரவோடு 2020 மே 22 அன்று லான்செட்டில் ஒரு கட்டுரை வந்தது. தரவை வழங்கிய சர்ஜிஸ்பியர் நிறுவனம் அதைச் சரிபார்க்கத் தரவில்லை. இரண்டே வாரத்தில், ஜூன் 4 அன்று, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சில நாடுகளில் மருந்துச் சோதனைகள் நின்றுபோயிருந்தன. எந்தக் கட்டுரையைப் பகிரும் முன்பும் அதன் தலைப்பை ‘ரிட்ராக்ஷன் வாட்ச்’ தரவுத்தளத்தில் இட்டுப் பாருங்கள். 2023 முதல் அதன் முழுத் தரவும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

ஒன்பதாம் படி: வாசிக்கும் வரிசை

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நேராகப் படிக்காதீர்கள், களைத்துப்போவீர்கள். சுருக்கத்தைப் படியுங்கள். உடனே படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் போங்கள். பிறகு செய்முறை, அதன்பின் ‘லிமிடேஷன்ஸ்’ என்று ஆய்வாளர்களே தங்கள் குறைகளை எழுதும் பகுதி. கட்டுரையில் மிக நேர்மையான பத்தி பெரும்பாலும் அதுதான். அடுத்து யார் பணம் கொடுத்தார்கள், யாருக்கு எதில் ஆதாயம் என்ற குறிப்பு. முன்னுரையை வேண்டுமானால் கடைசியில் படித்துக்கொள்ளலாம்.

பத்தாம் படி: தமிழில் கொண்டுவருவதற்கான உரிமை

திறந்த அணுகலில் தமிழ் வாசகருக்கு மிகவும் பயன்படும் இடம் இதுதான், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். கட்டுரையின் அடியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் பெயர் இருக்கும். ‘சிசி பை’ என்றிருந்தால் யாருடைய அனுமதியும் கேட்காமல் அதை முழுமையாகத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிடலாம், படங்களைத் தமிழ்ப் பெயர்களோடு மறுபடி வரையலாம், பள்ளிக்கூடத்தில் வழங்கலாம், விக்கிப்பீடியாவில் சேர்க்கலாம். ‘என்சி’ சேர்ந்திருந்தால் வணிக நோக்கில் வெளியிடக் கூடாது. ‘என்டி’ சேர்ந்திருந்தால் மொழிபெயர்ப்பை வெளியிட முடியாது, ஆசிரியரிடம் தனியாக அனுமதி பெற வேண்டும். உரிமம் எதுவும் குறிப்பிடாமல் இலவசமாக மட்டும் இருந்தால் படிக்க மட்டுமே உரிமை உண்டு.

மொழிபெயர்ப்பை வெளியிடும்போது ஆசிரியர்களின் பெயர்கள், இதழின் பெயர், டிஓஐ, உரிமத்தின் பெயர், நீங்கள் செய்த மாற்றம் என்ன என்ற ஐந்தையும் தவறாமல் போடுங்கள். முன்பதிப்பிலிருந்து மொழிபெயர்த்தால் எந்த வடிவத்திலிருந்து, எந்தத் தேதியில் என்றும் எழுதுங்கள். மூலக் கட்டுரையில் வேறு நூலிலிருந்து அனுமதி பெற்று எடுத்த படம் இருந்தால், அதன் அடிக்குறிப்பில் அது தெரியவரும். அந்தப் படத்துக்கு இந்த உரிமம் செல்லாது, அதை மட்டும் விட்டுவிடுங்கள்.